தனியாள் எல்ஸபெத்

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளம் எல்ஸபெத்துக்கு. மூன்றாம் மாடி ப்ரெபனுக்கு. நடுவில் நான் ஓலுஃப், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், இருவர் விஷயத்திலும் மூக்கை நுழைப்பவன். அவர்கள் பதினொரு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள், தனித்தனி வீட்டில். டென்மார்க்கில் ஓய்வூதியம் வாங்கும் தனியாளுக்குக் கூடுதல் படி உண்டு. ஜோடி என்று தெரிந்தால் இருவருக்குமே வெட்டு. அதனால் இரண்டு வாடகை, இரண்டு குளிர்பெட்டி. அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது ப்ரெபன் தன் ரொட்டியைத் தானே பையில் எடுத்துப் போவார். நாளைக்கு யாராவது கேட்டால், அவரவர் சாப்பாடு அவரவருக்கு என்று சொல்ல வேண்டுமே.

எல்ஸபெத் நாற்பது வருடம் பள்ளிக்கூடம் சுத்தம் செய்தவள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகவே போனது. ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நான் வரியைத் திட்டினால் என்மேல் பாய்வாள். “என் இடுப்பு எலும்ப மாத்திப் போட்டது யாரு, உன் மாமனாரா? வாய மூடிட்டுக் கட்டு.”

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தவற்றைச் செய்தாள். வசந்த காலத்தில் ப்ரெபனின் கால் தளர்ந்தது. படி ஏற முடியவில்லை. சில இரவுகள் அவள் வீட்டிலேயே தங்க ஆசைப்பட்டார். வேறு யாராயிருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். இவள் நகராட்சிக்குப் போன் போட்டு, வாரத்துக்கு எத்தனை இரவு தங்கலாம் என்று கேட்டுவிட்டாள்.

“உன்ன யாரு கேக்கச் சொன்னது?” என்றேன்.

“கேட்டாத்தானே தெரியும். நம்ம ஆபீஸ்தானே, அதுக்குப் போய் என்ன பயம்?”

போனை எடுத்தவள் மலேன என்ற அலுவலர். நல்ல பெண், பேச்சில் தேன் ஒழுகும். “ராத்திரிக் கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஒருத்தரால ஒருத்தருக்கு அனுகூலம் இருக்கான்னுதான் பார்ப்போம். ஆனா நீங்க கேட்டுட்டீங்க, இனி நான் குறிச்சு வெச்சாகணும்.”

பத்து நாளில் படிவம் வந்தது. அவர் துணியை யார் துவைப்பது? சேர்ந்து சாப்பிடுவதுண்டா? சேர்ந்து ஊருக்குப் போனீர்களா? மூன்று நாள் என் சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையை எழுதினால் படி போகும். போன வருடங்களில் வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள், அதைச் சாகும்வரை கட்ட வேண்டும். பொய்யோ, அவள் கைக்கு வரவில்லை.

கடைசியில் ப்ரெபன் சொன்னார். “மேல் வீட்டுக்காரர்னு போடு. பொய்யில்லையே, நான் மேலதானே இருக்கேன்.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு கடைத்தெருவில் திருடியவள்போல ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ப்ரெபன் படிக்கட்டிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். மருத்துவமனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு காசு கேட்கவும் இல்லை. அங்கிருந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் ஜோடியாக இருந்தால் இல்லத்தில் சேர்ந்தே குடியிருக்க உரிமை உண்டு, இரண்டு அறை வீடு கொடுத்தாக வேண்டும். எல்ஸபெத் என்னையும் அழைத்துக்கொண்டு மலேனவிடம் போனாள்.

“ஜோடிக்குன்னா கண்டிப்பா உண்டுங்க” என்றாள் மலேன. கணினியில் அந்தப் பழைய படிவத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. “எல்ஸபெத், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் பதிஞ்சாகணும். நீங்க ரெண்டு பேரும் ஜோடியா?”

எல்ஸபெத் கைப்பையின் வாரை முறுக்கினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லைங்க. ஒரே கட்டடம், அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? மலேனவையா? வீட்டுச் செலவைப் பகிர ஆளில்லாதவர்களுக்காக வந்த படி அது. அதை வைத்தவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். இன்று கேட்டாலும் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் இல்லத்துக்குப் போவோம். போன வாரம் காபி மேசைக்குப் புதிதாக ஒரு பணிப்பெண் வந்தாள். ப்ரெபனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் வார்த்தை தெளிவாகவே வந்தது. எல்ஸபெத்தின் கையைப் பிடித்து, “இவ என் பொண்டாட்டி” என்றார்.

பணிப்பெண் கையிலிருந்த திரையைத் தடவிப் பார்த்தாள். “எங்ககிட்ட மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர்னுதானே இருக்கு?”

எல்ஸபெத் அவர் உதட்டிலிருந்த கேக் துணுக்கைத் துடைத்தாள். “அதாங்க சரி. அவருக்கு இப்பல்லாம் நினைவு குழம்புது.”

பணிப்பெண் அனுதாபமாகத் தலையாட்டி, அதைத் திரையில் பதிந்துகொண்டாள்.

ப்ரெபன் எல்ஸபெத்தையே பார்த்தார். “எனக்கு ஒண்ணும் குழம்பல” என்றார்.

“காபி ஆறுது, குடி” என்றாள் அவள்.