ஜெயித்த தப்பு

அந்த மழைக்காலம் முழுக்க நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் வீட்டு மாடியறையில் காலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பேன். மதியம் லேப்டாப்பில் போக்கர் போட்டி. நுழைகிற எல்லாருக்கும் பந்தயம் வைக்க ஒரே அளவு சிப்ஸ். தீர்ந்தால் வெளியே. கடைசிவரை நிற்கிற சிலருக்குத்தான் பரிசு. அதனால் நன்றாக ஆடுகிறவர்களும் மாதக்கணக்கில் வெறுங்கையோடு எழுந்துபோக நேரும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எரிச்சல் குறையவில்லை.

என் அண்ணன் டாக்சி ஓட்டுகிறார். மதியம் சாப்பிட வந்தால் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு ரம்மி மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. இந்த ஆட்டத்தில் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இருந்த சிப்ஸ் அத்தனையும் வைத்தேன். எதிராளியிடம் இரண்டு ராஜா. ஐந்து முறை இப்படி மோதினால் நான்கு முறை நான்தான் ஜெயிப்பேன். இருவருக்கும் பொதுவாக விரிக்கிற ஐந்து சீட்டில் கடைசியாக இன்னொரு ராஜா விழுந்தது; அவருக்கு மூன்று ராஜா, நான் வெளியே.

"எல்லாத்தையும் ஏம்மா வச்சே? பாதி வச்சிருக்கலாம்ல?"

"மறுபடி இதே சீட்டு வந்தாலும் எல்லாத்தையும்தான் வைப்பேன்."

"அதான் தோத்துக்கிட்டே இருக்கே. கங் மகௌங்பூ." அதிர்ஷ்டம் சரியில்லையாம். பர்மியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அண்ணி கீழேயிருந்து, ஜோசியரைப் பார்த்து யடயா பண்ணச் சொல்லிக் கத்தினாள். கெட்ட நேரம் போக புத்தர் கோயிலில் செய்கிற பரிகாரம் அது. நான் லேப்டாப்பை அறைந்து மூடினேன். தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சரியாக ஆடியதற்குத் திட்டு வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கரண்ட் இல்லாத மதியம். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, மின்விசிறி இல்லை. மூன்று சுற்று தொடர்ந்து தோற்றிருந்தேன். பின்னாலிருந்து அண்ணன் உச்சுக்கொட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு ஒன்பது, ஒரு நாலு. குப்பை. அத்தனை சிப்ஸையும் தள்ளினேன். எதிராளியிடம் இரண்டு ராணி. பொதுவில் விழுந்த சீட்டில் இரண்டு நாலு; என்னுடையதோடு மூன்றாகி நான் ஜெயித்துவிட்டேன்.

அண்ணன் கைதட்டினார். "பாத்தியா! இப்பத்தான் ஆடக் கத்துக்கிட்டே!"

அந்தச் சிப்ஸை வைத்துக்கொண்டே சாயங்காலம் இரண்டாவதாக வந்தேன். அண்ணன் பிரியாணி வாங்கிவந்து தெருவெல்லாம் என் மூளையைப் புகழ்ந்தார். சாப்பிடும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அது தப்பு. ஆத்திரத்துல வச்சது. பத்து தடவை வச்சா ஒன்பது தடவை தோத்திருப்பேன்."

"ஜெயிச்சவ பேசுற பேச்சா இது?"

"அந்த ஏஸ்தான் நான் நல்லா ஆடினது. அன்னிக்கு ஏன் கைதட்டலே?"

"தோத்ததுக்கு யாராவது கைதட்டுவாங்களா?" அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். நான் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மறுபடி தோல்விதான். "அன்னிக்கு மாதிரி துணிஞ்சு வையேன்" என்கிறார். இப்போதெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அந்தக் கைதட்டல் ஒரு நிமிடம் எனக்கும் இனித்தது. அதை நினைக்கும்போதுதான் இன்னும் எரிகிறது.