தராசு சின்னத்துக்காக மீன் சுமந்த நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது நான் பழவேற்காட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை மீனுக்கு ஐஸ் விற்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததே எங்கள் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. அம்மாதான், "கணக்குதானே எழுதறான், மீனைத் தொடவா போறான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தாள்.

அந்தத் தேர்தலில் ஏரியில் மீன் பிடிக்கிற ஒருவர் சுயேச்சையாக நின்றார். ஐஸ் வாங்க வருகிறவர் என்பதால் எனக்குப் பழக்கம். கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரம் வருஷா வருஷம் மணல் மூடிக்கொண்டே வந்தது. கடல்தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் வராது. இறால் வராவிட்டால் குப்பத்தில் அடுப்பு எரியாது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் அவர் வேட்புமனு போட்டார்.

"ஜெயிக்க மாட்டேன்னு எனக்கே தெரியும் அய்ரே. ஆனா நாலு ஊர்ல மைக்க புடிச்சி மொகத்துவாரம்னு சொல்லலாம்ல? அத்த யாரும் தடுக்க முடியாதுல்ல?" என்றார்.

எதிரில் இரண்டு பெரிய கட்சிகள். அவர்களுக்கு ஜீப், கொடி, தோரணம், ஊருக்கு ஊர் ஆட்கள். இவருக்கு ஒரு சைக்கிள். படகுச் சின்னம் கேட்டார், தராசு கிடைத்தது. நோட்டீஸில் போட வேண்டியதை நான் எழுதிக் கொடுத்தேன். அச்சடிக்கத்தான் காசில்லை. கடைசி வாரமாவது ஒரு வாடகை ஜீப்பும் மைக் செட்டும் வேண்டும் என்று குப்பத்தில் கூடிப் பேசினார்கள். யார் மடியிலும் ஒன்றும் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருடைய மனைவிதான் வாயைத் திறந்தார்.

"டப்பு இல்லன்னா இன்னா? மீனு இல்லியா? எல்லாத் தோணியும் ஒரு நாளு புடிக்கறத இதுக்குக் குடுத்துடலாம்."

ஒரு நாள் மீனைக் கொடுப்பது என்றால் அன்றைக்கு ஊரே அரைப்பட்டினி என்று அர்த்தம். ஆனாலும் ஒருவர்கூட மறுக்கவில்லை.

அவர்கள் குறித்த நாளில் ஏரி நன்றாகவே கொடுத்தது. வெள்ளை இறாலும் மடவையும் நண்டுமாகக் கரையில் கொட்டி வைத்திருந்தார்கள். ஏலம் ஆரம்பமாக வேண்டும். வழக்கமாக எடுக்கிற பெரிய வியாபாரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு பெரிய கட்சி வேட்பாளருக்கு வேண்டியவர்.

"இன்னிக்கு எங்களுக்கு மீனு வேணாம்" என்றார். அவ்வளவுதான். மற்ற வியாபாரிகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் போட்டால் மறுநாள் பட்டணத்துக்கு அனுப்பிவிடலாம் என்று வேட்பாளர் எங்கள் கம்பெனிக்கு ஓடி வந்தார். அவர் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த முதலாளி என்னிடம், "கேட்டச் சாத்து. ஐஸ் இல்லன்னு சொல்லிடு" என்றார். எனக்குப் பின்னால் ஐஸ் பாளங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

நான் கேட்டுக்கு வெளியே வந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "முதலாளி குடுக்க வேணாம்னு சொல்லிட்டாருங்க" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நீ உள்ள போ அய்ரே. உன் பொழப்ப பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

திட்டியிருந்தால் உள்ளே போயிருப்பேனோ என்னவோ. அவர் என் பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

கரையில் ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பெண்கள் அதற்குள் மீனைக் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வேட்பாளரின் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏலம் எடுக்கலன்னா போறான். பொன்னேரில தெருவே இல்லியா? வாங்கடி!" என்றார். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கூடைகளோடு எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். பக்கத்து ஊரான பொன்னேரிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. மீன் கூடைகளைப் பார்த்தாலே சிடுசிடுக்கிற கண்டக்டர் அன்றைக்கும் இறங்கி வந்தார். "இன்னாம்மா இது, இன்னிக்கு இத்தினி கூட?" என்று கேட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் பின்புற ஏணியில் ஏறி, ஒவ்வொரு கூடையாக வாங்கி மேலே அடுக்கினார்.

கடைசியாக ஒரு கூடை மிஞ்சியது. அதைச் சுமந்து வந்த பெண்ணுக்கு நிறைமாதம். அவரைப் பஸ்ஸில் அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. நான் குனிந்து கூடையைத் தூக்கினேன். அக்கா பதறிவிட்டார்.

"அய்யோ சாமி, உனக்கு இன்னாத்துக்கு இது? உங்க ஊட்ல சேத்துப்பாங்களா?"

நான் கூடையை விடவில்லை. ஒரு பழைய துணியைச் சுருட்டி அவரே என் தலையில் சும்மாடு வைத்துவிட்டார்.

பொன்னேரியில் பெண்கள் தெருவுக்கு இருவராகப் பிரிந்தார்கள். நான் அக்காவோடு போனேன். மீன்தண்ணீர் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. முதல் தெருவில் எனக்குக் குமட்டியது. இரண்டாவது தெருவில் கழுத்து வலியில் குமட்டல் மறந்துபோயிற்று. மீனைக் கூறு கட்டித்தான் விற்பார்கள், எடை போடுவதில்லை. ஆனால் அக்கா ஒரு காய்கறிக் கடையில் தராசை இரவல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வீடு அதைத் தூக்கிப் பிடித்து, "எறா நிறுக்கறதும் இதாம்மா, சின்னமும் இதாம்மா" என்று, முகத்துவாரத்து மணலைப் பற்றியும் சொல்லிச் சொல்லி விற்றார்.

ஒரு வீட்டு வாசலில் எங்களை எதிர்த்து நின்ற ஒரு பெரிய கட்சியின் கொடி பறந்தது. நான் தயங்கினேன். அந்த வீட்டு அம்மாள் தானாகவே எங்களைக் கூப்பிட்டார். "எங்க ஊட்டுக்காரரு அந்தக் கட்சி. ஓட்டு அங்கதான். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"ஓட்டு உன் இஷ்டம்மா. எறா நல்லா இருக்கு, வாங்கிக்கோ" என்றார் அக்கா.

அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் நாலு வீடு தள்ளிப் போன பிறகு பின்னாலேயே வேகமாக வந்து அக்கா கையில் எதையோ திணித்தார். "இது கொழம்புக்கு இல்ல. அந்த மண்ண வாரறதுக்கு. அவருக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தெருமுனையில்தான் அப்பாவைப் பார்த்தேன். பொன்னேரி பெருமாள் கோயில் உற்சவத்துக்கு அழைத்திருந்தார்களாம். நெற்றியில் திருமண், தோளில் பட்டு அங்கவஸ்திரம், கூட இரண்டு பட்டாச்சாரியார்கள். என் தலையில் மீன் கூடை. தப்பிக்க வழியில்லை. அப்பா நின்றார். கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். கூட வந்தவர்களோடு நடந்து போய்விட்டார்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். ஐஸ் கம்பெனியில் எனக்கு அதற்குள் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றாகிவிடுமோ என்று பயந்துகொண்டே வாசலில் நின்றேன். அப்பா ஊஞ்சலில் இருந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அவர் ஜெயிச்சுடுவாரா?" என்று கேட்டார்.

"மாட்டார்ப்பா."

"தெரிஞ்சுண்டுதான் சுமந்தியா?"

"ஆமாம்."

அப்பா காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். பிறகு எழுந்து, "கிணத்தடில வெந்நீர் வெச்சிருக்கா உங்கம்மா. ஸ்நானம் பண்ணிட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது அழுதுவிட்டேன்.

மீன் விற்ற காசில் நோட்டீஸ் அச்சானது. ஒரு ஓட்டை ஜீப்பும் கிடைத்தது. கடைசி வாரம் முழுக்க அத்திப்பட்டிலிருந்து ஆந்திர எல்லைவரை அவர் குரல் கட்டும்வரை முகத்துவாரம், முகத்துவாரம் என்று பேசினார். தோற்றார். ஆனால் யாரும் எதிர்பார்க்காத அளவு ஓட்டு வாங்கி, டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டார். முடிவு தெரிந்த மறுநாள் நான் குப்பத்துக்குப் போனேன். கரையில் நின்ற பெண்களிடம் அவர், "நீங்க குடுத்தத வெச்சி ஜெயிச்சிக் குடுக்க முடியல தாயி" என்று கைகூப்பினார்.

அக்கா சிரித்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண், "உடு நைனா. இன்னொரு எலக்ஷன் வராமலா பூடும்?" என்றார். வேட்பாளர் வலையை எடுத்துக்கொண்டு தோணியில் ஏறினார்.

சில மாதம் கழித்து ஜெயித்தவரே குப்பத்துக்கு வந்தார். இங்கே தனக்கு ஏன் ஓட்டு விழவில்லை என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். மணல்மேட்டின் மேல் ஏறி நின்று, எங்கள் வேட்பாளர் சொல்வதைக் கேட்டார். அடுத்த மழைக்கு முன் மணல் வெட்ட ஏற்பாடானது. அது முழுத் தீர்வு இல்லைதான். ஆனாலும் அந்த வருஷம் இறால் வந்தது.

பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தபோது ஒன்றில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன், ஜெயித்த பக்கம் நின்று கைதட்டியும் இருக்கிறேன். ஆனால் தோற்கப் போகிறவருக்காக ஓர் ஊரே தன் ஒரு நாள் சோற்றைக் கொடுத்ததைப் பார்த்த பிறகு, 'நம்ம ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போகுது' என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.