வளைமேல் உத்தமர்

சிற்றம்பலம் வாத்தியாரின் நல்ல மனசைப் பற்றி மல்லாவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மாயாண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து தப்பி வந்தவர். லொறியில் வந்த காடையர்கள் தோட்டத்து லய வீடுகளுக்குள் புகுந்தபோது கூரையைத் தாங்கும் வளை மரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டார். கீழே தம்பியை வெட்டினார்கள். அதன்பிறகு எங்கே லொறிச் சத்தம் கேட்டாலும் மனிதர் மேலே ஏறிவிடுவார். தேயிலையில் கவ்வாத்து வெட்டிய கை, இங்கே வரப்புக் கட்டப் பழகியது. வாத்தியாரின் வயலில் வேலை, வாத்தியாரின் காணி மூலையில் குடிசை.

வாத்தியாருக்குச் சீனச் சஞ்சிகை என்றால் உயிர். அதில் படித்த ஒரு மரபுத்தொடரை அகப்பட்டவருக்கெல்லாம் விளக்குவார்: ‘வளைமேல் உத்தமர்.’ ஹான் அரசர் காலத்தில் சென் ஷி என்ற அதிகாரியின் வீட்டு வளையில் திருடன் ஒளிந்திருந்தானாம். அவர் கூச்சல் போடவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, “பிறவியிலேயே கெட்டவர் இல்லை, பழக்கம்தான் கெடுக்கும், மேலே இருக்கும் உத்தமரைப் போல” என்றாராம். திருடன் இறங்கிக் காலில் விழ, பட்டுத்துணி கொடுத்து அனுப்பினாராம். ஊரில் களவே ஒழிந்ததாம். அன்றிலிருந்து சீனர்கள் திருடனைக் கேலியாக அப்படித்தான் சொல்கிறார்களாம்.

எழுபத்தொன்பது அறுவடை முடிந்து ஒரு மத்தியானம், நெல் ஏற்ற லொறி வந்தது. கொட்டிலில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த மாயாண்டி வளையில் ஏறிவிட்டார். உள்ளே வந்த வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். கோபமே வரவில்லை. இத்தனை நாள் சொன்ன கதை கைக்கு வந்துவிட்டதே! அயலையெல்லாம் கூப்பிட்டார். மாயாண்டியின் மனைவி சுப்பம்மாவும் நிறைவயிற்றோடு ஓடிவந்தாள்.

“உத்தமரே, இறங்கி வாரும். களவெடுக்கத்தானே ஏறினனீர்? நான் மன்னிச்சிட்டன்.”

“சாமி சத்தியமா களவு இல்லீங்கய்யா. லொறிச் சத்தத்துக்குப் பயந்து ஏறிட்டேன்.”

வாத்தியாரின் முகம் சுருங்கியது. “மன்னிப்பு வேண்டாமெண்டால் குடிசையைப் பிரிச்சுக்கொண்டு போ.”

மாயாண்டி சுப்பம்மாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு, “ஆமாங்க. திருடத்தான் ஏறினேன்” என்றார். வாத்தியார் புது வேட்டி ஒன்றை அவர் தோளில் போட்டார். வெட்கங்கெட்ட சனம் கைதட்டியது.

அடுத்த அறுவடையில் நடராசா வீட்டு நெல்லை யாரோ மூட்டையோடு கொண்டுபோனார்கள். யாரென்று ஒருவரும் தேடவில்லை. நேரே மாயாண்டியின் குடிசைக்குப் போனார்கள். கைக்குழந்தையோடு சுப்பம்மா கத்தக் கத்த, அவருடைய வலது கையை உலக்கையால் அடித்து முறித்தார்கள். அதன்பிறகும் அடி நிற்கவில்லை. அவள் வாத்தியாரிடம் ஓடினாள்.

“அன்னைக்கும் அவரு திருடலங்கய்யா. உங்களுக்கே தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுருவாங்க.”

வாத்தியார் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“நான் என்னெண்டு பிள்ளை சொல்லுறது? தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டவன் எல்லே.”