தீக்கோழி உண்டு

படக் கம்பெனி அனுப்பிய தாளில் "வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்" என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓடெல்லா க்ரோகர் தூரிகையைச் சிவப்பு மையில் தோய்க்கிறார். "அடுத்தவன் வயித்துக்கு நான் எப்படி வாக்குக் குடுக்கிறது?" என்பது அவர் கேள்வி. அட்டையில் அவர் எழுதுவது இவ்வளவுதான்: "ஒருவர் மாவுப் பீப்பாயில் விழுகிறார். எழுந்து மறுபடி விழப் போகிறார். பீப்பாய் அங்கே இல்லை."

நெப்ராஸ்காவில் ஆல்டர் க்ரீக் ஊரில் ஒரே தியேட்டர் பேர்ல். அதில் டிக்கெட் விற்பவரும் விளம்பர அட்டை எழுதுபவரும் இவர்தான். பெரிய படத்துக்குக் கம்பெனியே ஆளுயரப் போஸ்டர் அனுப்பிவிடும். அதற்கு முன்னால் ஓடுகிற இரண்டு ரீல் சிரிப்புப் படத்துக்குப் போஸ்டரின் அடியில் விரல் அகல இடம் கிடைத்தால் பெரிது. ஓடெல்லாவுக்கு இது பொறுக்காது. "பெரிய படத்தைப் பாத்து மூக்கைச் சிந்திட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. மறுநாள் சர்ச் வாசல்ல நடிச்சுக் காட்டுறது எந்தப் படத்தை?" என்று கேட்பார்.

புதன்கிழமை ரயிலில் ரீல் வந்ததும், ஊறுகாய் வெள்ளரி ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு காலி அரங்கில் தனியாகப் போய் உட்காருவார். படம் முடியும்வரை முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். "இந்தம்மாவுக்குப் படம் ஓட்டுறதும் சவப்பெட்டிக்குப் பாட்டுப் பாடுறதும் ஒண்ணுதான்" என்பார் ஆபரேட்டர் எல்மர். ஆனால் சனிக்கிழமை கூட்டம் நிறைந்ததும் ஓடெல்லா பக்கச் சுவரோரம் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஜனங்களின் முகத்தைப் பார்ப்பார். அவர் சிரிப்பது அப்போதுதான்.

அட்டைகள் தீவனக் கடைக்கும், குஸ்தாவ் ஹ்ருஷ்காவின் சலூன் கண்ணாடிக்கும் போகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது வெண்ணெய்ப் பண்ணைச் சுவர். க்ரீம் கேன்களை இறக்க வரும் குடியானவர்கள் அங்கே நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். "ஓடெல்லா எழுதினா அது படத்துல இருக்கும்" என்று வண்டியைத் திருப்புவார்கள். சனிக்கிழமை பிள்ளைகுட்டியோடு அதே வண்டி தியேட்டர் வாசலில் நிற்கும்.

இலையுதிர் காலத்தில் நகரத்திலிருந்து வந்து சேர்ந்த புது மானேஜர் வெண்டெல் பைக்குக்கு இந்த எழுத்து ருசிக்கவில்லை. "உலகத்துலயே பெரிய சிரிப்புப் படம்னு போடுங்களேன், அம்மா."

"உலகத்தை நான் பாத்ததில்லையே, தம்பி. ஓமஹா வரைக்கும்தான் போயிருக்கேன்."

போன மாதம் ஆற்றில் வெள்ளம் வந்து, புதன்கிழமை ரயில் வரவில்லை. முந்தின வாரமே வந்துவிட்ட போஸ்டர் மட்டும் கையில் இருந்தது. அதன் அடியில் விரல் அகலத்தில் சிரிப்புப் படத்தின் சித்திரம்: சலூன் நாற்காலியில் ஒரு தீக்கோழி. அதன் கழுத்து நெடுக சோப்பு நுரை. ஏணிமேல் கத்தியோடு ஒரு சலூன்காரன். வேறு வழியில்லாமல், முதல் தடவையாகப் படம் பார்க்காமல் ஓடெல்லா எழுதினார்: "தீக்கோழிக்குச் சவரம். ஏணி போட்டு."

சனிக்கிழமை காலையில் ரீல் வந்தது. சலூன் இருந்தது, நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தது ஒரு குண்டு மனிதர்.

"இன்னொரு தடவை ஓட்டு" என்றார் ஓடெல்லா.

"ஓட்டுறேன். அதுக்குள்ள தீக்கோழி முட்டையிலேர்ந்து பொரிஞ்சு வரணும்" என்றார் எல்மர்.

மானேஜர் பைக் தோளைக் குலுக்கினார். "எல்லாப் போஸ்டரும் பொய்தாம்மா. யாரு வந்து கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாங்க. அடுத்த வாரம் வர மாட்டாங்க."

"மேடையேறி இல்லைன்னு சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. கூட்டம் எந்திரிச்சுப் போனா திங்கக்கிழமையிலேர்ந்து அட்டை அச்சகத்துக்குப் போகும். நீங்க டிக்கெட்டை மட்டும் பாத்துக்கலாம்."

ஓடெல்லா தெருவைக் கடந்து சலூனுக்குப் போனார். ஹ்ருஷ்கா கத்தியைத் தோல் பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"உன் நாற்காலி வேணும், குஸ்தாவ். நீயும் வேணும்."

"சனிக்கிழமை சாயங்காலமா? கறக்குற நேரத்துல மாட்டைக் கேட்ட மாதிரியில்ல இருக்கு, அக்கா."

"உன்கிட்ட சவரத்துக்கு வர்றவன் பூராவும் அங்கதான் தாடியோட உக்காந்திருப்பான். வந்து ஆளைப் பாத்து வச்சுக்கோ."

ஹ்ருஷ்கா முனகிக்கொண்டே நாற்காலியின் திருகாணிகளைக் கழற்றினார். தீவனக் கடையில் இருந்தவர்கள் அதைத் தூக்கி வந்தார்கள். சாமான் கடையில் இருந்த இறகுத் துடைப்பங்கள் அத்தனையும் அன்று ஓடெல்லாவின் இடுப்பில் தொங்கின. கழுத்தில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, மூக்கில் அட்டை அலகு. பதினெட்டு வருஷமாக அந்த ஊர் அவரை டிக்கெட் ஜன்னல் வழியாகத் தோளுக்கு மேல் மட்டும்தான் பார்த்திருந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்தார்.

"படத்துல தீக்கோழி இல்ல" என்றார். "இருக்குன்னு எழுதினது நான். அதனால நானே வந்திருக்கேன்."

யாரும் அசையவில்லை. அலகுக்கு மேலே அவர் கண்கள் வரிசை வரிசையாக முகங்களைத் தேடின. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஹ்ருஷ்கா ஏணியைச் சாத்தி, நுரைக் கிண்ணத்தோடு ஏறி, "கோழிக்கு மீசையை விட்டுடவா, எடுத்துடவா?" என்று வழக்கமான வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

பின்வரிசையில் ஒரு குடியானவர் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட்டையில போட்டபடியே இருக்கு, பாருடி." அப்புறம் அரங்கமே அதிர்ந்தது. குண்டு மனிதர் திரையில் வந்தபோது, ஏற்கெனவே சிரித்துக் களைத்திருந்த ஜனங்கள் அவருக்கும் தாராளமாகவே சிரித்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

இரண்டாம் ஆட்டத்துக்கு வாசலில் நின்ற கூட்டம் படத்தின் பெயரைக் கேட்கவில்லை. கோழி எப்போது வரும் என்றுதான் கேட்டது. பைக் மேடைக்குப் பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அச்சகத்துக்காரரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, 'உலகத்துலயே முதல் தடவையா'ன்னு ஒரு அட்டை மட்டும்..."

"ஆல்டர் க்ரீக்ல முதல் தடவைன்னு போடு, தம்பி. அதுக்கு நான் சாட்சி."

முதல் ஆட்டத்து நுரை காலுறையில் காய்ந்து கழுத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஹ்ருஷ்கா புது நுரை கலக்கிக்கொண்டு, "போதும்னா சொல்லுக்கா, நான் பாத்துக்குறேன்" என்றார். ஓடெல்லா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். துடைப்பங்களை ஒழுங்கு செய்துகொண்டார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் உட்காரும் சத்தம் கேட்டதும், முதுகை நிமிர்த்தி, கழுத்தை முன்னைவிட இரண்டு விரற்கடை அதிகமாகவே நீட்டினார்.