நரகத்துக்குப் போகிற பல்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருஷம், காலையில் எழுந்தாலே எனக்குத் தாடை வலிக்கும். வலி காதைத் தொட்டு, பொட்டில் ஏறி, கணக்குப் பாடம் முடிகிறவரை இறங்காது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓயாமல் என்ன வலி, எல்லாம் படிக்காமலிருக்கச் சாக்கு என்றார்கள். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அத்தை. அம்மா போனதிலிருந்து வெதுருகுப்பத்தில் எங்கள் வீட்டோடு வந்திருந்து சமைத்துப் போட்டவள். படுப்பதும் என் பக்கத்தில்தான்.

"பூனை எலும்பைத் துன்ற மாதிரி தூக்கத்துல பல்லைக் கடிச்சிக்கினு கீது உம் பொண்ணு" என்று நைனாவிடம் சொன்னாள்.

வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தாள். பூச்சியும் விழவில்லை, கடியும் நிற்கவில்லை. மருந்துக்கு அடங்காததை ஜெபத்துக்கு விடுவது எங்கள் சபை வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அத்தை எழுந்து நின்று, என் பல்லுக்காக எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். முன்வரிசை முழுக்கத் திரும்பி என் வாயைப் பார்த்தது.

மானம் போனால் போகட்டும், எனக்கு இருந்த பயமே வேறு. நரகத்தில் விழுந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே போய்ச் செய்யவேண்டியதை இங்கேயே தொடங்கிவிட்டேனே! அப்படி என்ன பாவம் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா கிளம்பிய அன்று அழாமல் நின்றது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் நைனா என்னைத் திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டரம்மா ஒருவர், விடாத வலியோடு வரும் என் வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வலி எப்போது அதிகம், நன்றாகத் தூங்குகிறேனா, வீட்டில் யார் யார் என்று தெலுங்கில் பொறுமையாகக் கேட்டார். என் வலி பொய்யில்லை என்று முதலில் சொன்னவர் அவர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில், இது பாவத்தால் வருவதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாவமுமில்லை, பூச்சியுமில்லை, நிறையப் பிள்ளைகள் இப்படிக் கடிக்கிறார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடு, கெட்டியானதைத் தின்னாதே என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இது உண்டா என்றதற்கு நைனா அவசரமாக இல்லை என்றார்.

"நோரு தெரவண்டி" என்றார் டாக்டரம்மா.

நைனா கூச்சத்தோடு வாயைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் கடவாய்ப் பற்கள் கொத்தாத அம்மிபோல் வழவழவென்று தேய்ந்திருந்தன. எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். நைனா பதிலைத் தமிழில் என்னிடம் சொன்னார்.

"எனக்கு எப்படித் தெரியும்? தனியா படுத்துக்கினு கீறவனுக்கு யாரு கேட்டுச் சொல்றது?"

திரும்பும் பஸ்ஸில் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மனசு லேசாகியிருந்தது. டாக்டரம்மா சொன்னதை முக்கால்வாசி நம்பினேன். ஒருவேளை நரகம்தான் என்றாலும் நைனாவும் கூட வருவார் அல்லவா? அதை அவரிடமே சொன்னேன்.

"வர்றேன், வர்றேன்" என்று சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே ஏதோ வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்து, நான் அடுத்த பழத்தை உரித்தேன்.