ஐம்பது நிமிடம் அடித்த சீடி

சீடி அடித்துக் கொடுக்கும் தொழிலில் கைக்கு வேலை குறைவு. வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றவள். கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் ஒரு ஸ்டுடியோ கவுண்டரில் இருந்தபோது பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு. இப்போது குண்டசாலையில் வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வருகிற வீடியோக்களைச் சீடியில் போட்டுக் கொடுக்கிறேன். இந்தக் காலத்தில் யார் சீடி கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். டீவிக்குக் கீழே பழைய பிளேயர் இருக்கிற வீடுகள் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழட்டு மெஷின் இருந்தால், எவ்வளவு எழுதியாயிற்று என்று திரையில் காட்டும் அந்த நீலக் கோடு நகராமல் நிற்கும்போது நீங்களும் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கையளவு அம்மா

ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்வம் என்ற தம்பி வந்தார். அங்கே லொறி ஓட்டுகிறார். மனைவி சாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அவள் போகும்போது மகளுக்கு ஒன்றரை வயது. இப்போது நான்கு ஆகப்போகிறது. அன்றிலிருந்து மூன்றாவது வியாழக்கிழமை சாந்தி திரும்பி வருகிறாள். அதற்குள் பிள்ளைக்கு அவள் முகம் பழக வேண்டும், தாயைக் கண்டு பிள்ளை ஓடிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. சாந்தி அனுப்பிய வீடியோக்கள் அவருடைய போனில் இருந்தன. தலை வாருகிறாள், துணி மடிக்கிறாள், “பாப்பா சாப்பிட்டீங்களா” என்கிறாள். கடைசியில் இரண்டு கையையும் நீட்டி, “வாடி தங்கம்” என்கிறாள்.

ஆறேழு நிமிடத்தில் முடிய வேண்டிய சீடி அன்றைக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. செல்வம் தம்பி கதிரை நுனியில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். போனிலேயே காட்டினால் என்ன என்று கேட்டேன். “போன்ல அம்மா கையளவுதாங்க்கா தெரியுது. புள்ள அதையே நெனச்சிக்கிட்டு இருக்கு. பெரிய ஆளா வந்து வாசல்ல நின்னா பயந்துரும்,” என்றார்.

நின்றுபோன இடம்

அடுத்த ஞாயிறு அவர் அதே சீடியை உறையோடு கொண்டுவந்தார். எனக்கு அவர் படியேறும்போதே தெரிந்துவிட்டது. படம் நன்றாகத்தான் ஓடுகிறதாம். சாந்தி கையை நீட்டுகிற இடத்தில் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறதாம். பிள்ளை எழுந்து போய்ப் பிளேயரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுமாம். சில நாள் தட்டினால் ஓடும், சில நாள் ஓடாது.

வேறொன்று அடித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடி, நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்தில் கம்ப்யூட்டர் பிழை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. எனக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் பழைய சீடியையே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இருக்கட்டும்க்கா. நின்னாலும் அது அம்மாதானே,” என்றார்.

மாஸ்டரின் பயணம்

அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர், ஊர்க் கோயில் திருவிழா வீடியோவோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வேகம் குறைவதற்கு மலிவான சீடிதான் காரணம், நல்லதாகப் போட்டால் மெஷினும் துணிந்து எழுதும் என்று அவர்தான் சொன்னார். அடுக்காக வாங்கி வைத்திருந்த உறையில்லாத சீடிகளை ஒதுக்கிவிட்டு, கண்டி டவுனுக்கு பஸ் ஏறிப் போய் நல்லதாக ஒரு பெட்டி வாங்கி வந்தேன்.

மாஸ்டரை உட்கார வைத்துப் போட்டேன். தேர் இன்னும் இருப்பிடத்தைவிட்டு நகரவில்லை என்பதுபோல நீலக் கோடு நின்றது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் யாழ்ப்பாணம் போய்த் தேரைப் பார்த்திட்டு வாறன் பிள்ளை. அதுக்குள்ள முடிஞ்சிடுமோ?” என்றார்.

மூடியில்லாத சட்டி

என் வீட்டுக்காரர் என்னைத்தான் காரணம் சொன்னார். சீடி ஓடிக்கொண்டிருக்கும்போதே மவுசை ஆட்டுவேன், வேறு படத்தைத் திறந்து பார்ப்பேன், பக்திப் பாட்டும் போட்டுவிடுவேன். போனிலிருந்து நேரே எழுதாமல் முதலில் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னதுதான். இரண்டையும் திருத்திக்கொண்டேன். அப்போதும் நாற்பது நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஒரு சீடியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒரு வாரத்தில் சாந்தி வந்துவிடுவாள். வீட்டுக்காரர் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “சோறு வெந்துச்சான்னு மூடியத் தொறந்து தொறந்து பாக்கிறவ நீ. பாவம், இதுக்கு மூடியும் இல்ல. சாப்புடு மொதல்ல,” என்றார்.

வெள்ளிக்கிழமைப் புகை

இனி சொல்லப்போவது என் தவறு. கம்ப்யூட்டர் எனக்குச் சோறு போடுகிற சாமான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சீடி போகிற தட்டை வெளியே இழுத்து, அதற்கு மேல் மூன்று விரலால் விபூதி பூசி, பொட்டு வைத்து, வாய் திறந்தபடி இருக்கும்போதே சாம்பிராணி காட்டுவேன். மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அறை நிறையப் புகையோடு நான் நின்றபோது பக்கத்து வீட்டு நிஸா தாத்தா வந்தார். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தையல் வேலை செய்கிறவர். நூல் தும்பு சிக்கினால் தையல் மெஷினே முரண்டு பிடிக்கும் என்று தினமும் தூரிகையால் துடைக்கிற கை அவருடையது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சீடியில் எழுதுவது எதைக் கொண்டு என்று கேட்டார். உள்ளே கண் மாதிரி ஒரு கண்ணாடி இருக்கிறது, அதிலிருந்து வருகிற வெளிச்சத்தால் என்றேன். என்னையும் சாம்பிராணிக் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவு பொகையில எனக்கே ஒங்கட மொகம் தெரியுதில்ல. அந்தக் கண்ணுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

திறந்து பார்த்தபோது

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பழுது பார்க்கும் சுனில் சிங்களவர். என்னோடு பேசும்போது பாதி தமிழ் பேசுவார். சீடி டிரைவைக் கழற்றி மேசையில் தட்டினார். விபூதி கொட்டியது. கண்ணாடியில் புகை பிசினாக ஒட்டியிருந்தது. கண்ணில் அழுக்கு இருந்தால் வெளிச்சம் சரியாக விழாது, அதனால்தான் மெஷின் பயந்து பயந்து எழுதியிருக்கிறது, எழுதியதும் நின்று நின்று ஓடியிருக்கிறது என்று விளக்கினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லபடியாக ஓடட்டும் என்று கும்பிட்டுக் கும்பிட்டு நானே அதன் கண்ணைக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் தாயை நடுவில் நிற்க வைத்ததும் நான்தான். சுனில் பஞ்சில் ஏதோ தொட்டு மெதுவாகத் துடைத்தார், குழந்தைக்குக் கண் துடைப்பதுபோல. விபூதியை மட்டும் கீழே போடாமல் ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். “மெஷின் நல்லம் அக்கா. பூஜைதான் ரொம்பக் கூட,” என்றார்.

இரண்டு தட்டு

ஞாயிற்றுக்கிழமை செல்வம் தம்பியின் சீடி ஏழு நிமிடத்தில் முடிந்தது. முழுதாகப் போட்டுப் பார்த்தோம். “வாடி தங்கம்” வரை எங்கும் நிற்கவில்லை. பிள்ளை பார்க்க நாலு நாள்தான் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். புதியதை உறையில் போட்டுக் கொடுத்தேன். அந்த வியாழக்கிழமை முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாக வந்தார்கள். சாந்தி கதவடியில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதும் பிள்ளை அவள் சட்டை நுனியை விடவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். என்ன பேசுவது, எப்படித் தூக்குவது என்றெல்லாம் பிளேனிலேயே நினைத்து வைத்திருந்தாளாம். வாசலில் பிள்ளையைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாளாம். அவ்வளவுதான். வாய் வரவில்லை, கால் வரவில்லை, நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டாளாம். பிள்ளை கொஞ்ச நேரம் அவளை அண்ணாந்து பார்த்ததாம். அழவில்லை, ஓடவில்லை. நேரே போய் அவள் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டியதாம். அப்புறம் தகப்பனைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, அம்மா பழையபடி நின்னு போச்சு,” என்றதாம்.

பிள்ளை பழையதை மாற்ற விடாததால் ஏழு நிமிடத்தில் அடித்த நல்ல சீடி அவர்கள் வீட்டு அலுமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறதாம், வேலை செய்தது ஐம்பது நிமிடம் எடுத்த கெட்டதுதான். என்றாலும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நான் இப்போது வாசலில் நின்றே காட்டுகிறேன்.