காயலான் கடையிலிருந்து மீட்ட ஃப்ரேம்

அம்மா வீட்டைக் காலி செய்தபோது என் ரேஸ் சைக்கிளைத் தம்பி காயலான் கடையில் போட்டுவிட்டான். கல்லூரி நாட்களில் மாவட்டப் போட்டிகளில் நான் ஓட்டியது அது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டு மொட்டைமாடியில் கிடந்தது.

"துருப்பிடிச்சுப் போச்சுக்கா. உனக்கு இனிமே எதுக்கு?" என்றான் போனில்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அந்த 'இனிமே' சுருக்கென்று தைத்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு சேலையூரில் இருந்த அந்தக் காயலான் கடைக்குப் போனேன். சக்கரங்கள் விலைபோய்விட்டிருந்தன. ஃப்ரேமும் முன்ஃபோர்க்கும் மட்டும் பழைய ஃபேன்களுக்கு அடியில் இருந்தன.

"இத்த வச்சி இன்னா பண்ணப் போற, அக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஓட்டப் போறேன்."

கேம்ப் ரோடு சைக்கிள் கடையில் அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "கோணிடுச்சு மேடம். பையனுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"பையனுக்கு இல்ல, எனக்கு."

"நடுவுல பார் இருக்குமே?"

"அந்த பாரைத் தாண்டி ஏறி ஜெயிச்சவதான் நான்" என்று சொல்லிவிட்டு, ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கோணலா என்று நானே பார்த்தேன். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் நூலைக் கட்டி, ஹேண்டில் செருகும் முன்கழுத்தைச் சுற்றி மறுபக்கம் இழுத்துக் கட்டினேன். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கழுத்துக்குக் கீழே பெயிண்ட் வெடித்திருந்தது. உள்ளே இரும்பும் விரிசல் விட்டிருந்தால் எல்லாம் முடிந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். இரும்பு முழுசாக இருந்தது.

கோணியிருந்தது ஃபோர்க்குதான். அதைத் தாம்பரத்தில் ஒரு பட்டறையில் நிமிர்த்தினேன். சீட்டுக்கு அடியில் செருகும் பைப் மட்டும் ஃப்ரேமுக்குள் இறுகிப்போய் அசையவே இல்லை. நாலு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன்.

"நீ இதுல போனா நம்ம சிட்லபாக்கம் முழுக்கப் பேசுவாங்க" என்றார் கணவர்.

"பேசட்டும். நீங்க இந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். கிறீச்சென்று கத்திக்கொண்டு பைப் வெளியே வந்தது. இருவரும் பின்னால் சாய்ந்து விழுந்தோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

சிவப்புப் பெயிண்ட் அடித்து, மற்ற பாகங்களை மூர் மார்க்கெட்டில் தேடிச் சேர்த்தேன். ஒரு திங்கட்கிழமை, சுடிதார் பேன்ட்டின் காலை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்த்த கல்லூரி வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிப்போனேன். வண்டலூர் தாண்டியதும் தொடை எரிந்தது. நிறுத்தவில்லை.

"ஸ்டூடன்ட்ஸ் ஸ்டாண்டு அந்தாண்ட" என்றார் வாட்ச்மேன், முகத்தைப் பார்க்காமலே.

"நான் ஸ்டாஃப்" என்றேன். கார்கள் வரிசையில் நிறுத்திப் பூட்டினேன்.